கரண்டி விழுந்தால்கூடக் குரைக்கிறாள். அதட்டினால் நிற்குமா?

ஜூன் 2, இரவு 11.40

என் நாய் பொட்டுவுக்கு மூன்றரை வயது. நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும், அதனால் அந்தப் பெயர். இரண்டு மாதக் குட்டியாக வந்தவள். இப்போது வீட்டில் எந்தச் சின்னச் சத்தம் கேட்டாலும் குரைக்கிறாள். சிங்க்கில் ஸ்பூன் விழுந்தால், மர மேசையில் போன் அதிர்ந்தால், எதிர்வீட்டுக்காரர் சாவி போட்டால், மாடியில் நாற்காலி நகர்ந்தால். இடி இடித்தால் தூங்குகிறாள்! குழாய் சொட்டினால் எழுந்து நின்று தொண்டை கிழியக் குரைக்கிறாள்.

நேற்று இரவு ஒரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. காலையில் மாடிப் பாட்டி படிக்கட்டில் நிறுத்தி, "ராத்திரி யாருக்காவது உடம்பு சரியில்லையா கண்ணு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எல்லோரும் ஒரே வழியைத்தான் சொல்கிறார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், குரலை உயர்த்தி அதட்டு. எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. 'கூடாது' என்று ஒரு சொல் அவளுக்கு உறைக்க வேண்டும். ஆனால் இரண்டு வாரமாக அதட்டுகிறேன், குறையவில்லை. அதட்டியே சரிசெய்தவர்கள் இருந்தால் எத்தனை நாளாயிற்று என்று சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

ஒரு நோட்டு எடுத்துக் காலையிலிருந்து குறித்தேன். மொத்தம் 41 தடவை. வாசல் பக்கம் காலடி 14, மாடி 7, பாத்திரம் 6, போன் 5. மீதி ஒன்பதுக்கு எதிரே கேள்விக்குறிதான் போட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

முன்பெல்லாம் இந்த ஒன்பதைத்தான் "சும்மா குரைக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நம் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு 45,000 வரை எட்டும். மின்சாதனம் எதுவாவது நமக்குக் கேட்காத உச்சத்தில் கீச்சிட்டுக்கொண்டிருந்தால், அவளுக்கு அது பக்கத்தில் நின்று விசிலடிக்கிற மாதிரி. சும்மா என்ற சொல்லை இன்றோடு விட்டேன்.

ஜூன் 5

அதட்டுவது பற்றி. இன்று சாவிச் சத்தத்துக்குக் குரைத்தாள். "பொட்டூ! போதும்!" என்று கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தாள், வாலை உயர்த்தினாள், கதவைப் பார்த்து இன்னும் வேகமாகக் குரைத்தாள். அந்தப் பார்வையை இதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. பயந்த பார்வை இல்லை. "உனக்கும் கேட்டதா? வா, சேர்ந்து விரட்டுவோம்" என்கிற மாதிரி இருந்தது. அவள் கத்தினாள், நானும் கத்தினேன். அவளுக்கு அதில் தடை எங்கே தெரியும்?

இன்னொன்று. வாசலில் காலடி கேட்கிறது, குரைக்கிறாள், காலடி போய்விடுகிறது. நடந்தவர் தன் வேலையாகத்தான் போனார். அவள் கணக்கில் அவள்தான் விரட்டினாள். ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை இந்த வெற்றி கிடைத்தால் யார்தான் நிறுத்துவார்கள்?

ஜூன் 6

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். போன மாதம் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். குரைத்தால் முகத்தில் ஒரு அடி. இரண்டு நாள் வீடு அமைதி. பலித்துவிட்டது என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

மூன்றாம் நாள் செடிக்குத் தண்ணீர் தெளிக்க அதே பாட்டிலை எடுத்தேன். வயிறு தரையில் உரச ஊர்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். கூப்பிட்டேன். வரவில்லை. குனிந்து பார்த்தால் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு உதட்டை நக்கி நக்கி எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது, பயம் அப்படியே இருந்தது. போதாததற்கு இப்போது என்மேலும் பயம். பாட்டிலை அன்றே தூக்கிப் போட்டேன்.

ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டையைச் சிலர் பரிந்துரைத்தார்கள். வேல்ஸில் 2010-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். தடை இல்லாத இடத்திலும் என் கையால் அதை மாட்ட மாட்டேன். சத்தம் கேட்டு அரண்டிருக்கிற பிராணிக்கு அதே நொடியில் வலியும் வந்தால், இனி அந்தச் சத்தத்தை அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால் போதும்.

ஜூன் 9, நீளமானது

வேறு வழியில் தொடங்கியிருக்கிறேன். அவள் பயப்படும் சத்தத்தை, பயப்பட முடியாத அளவுக்குச் சின்னதாக்கிக் கேட்க வைத்து, உடனே அவளுக்குப் பிடித்ததைக் கொடுப்பது. அடிப்படை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கண்டதுதான். அவருக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்கு. சோற்றுக்கு முன் அடித்த மணியின் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறிய கதைதான் ஊரெல்லாம் பரவியது. தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவி டக் டக் என்று அடிப்பதையும் அவர் பயன்படுத்தியிருக்கிறார். ஆக, உப்புச்சப்பில்லாத ஒரு டக் சத்தத்தைக்கூட நல்ல செய்தியாக மாற்ற முடியும்.

நான் செய்வது இது. அவள் கூடத்தில் படுத்திருப்பாள். சமையலறையில் துண்டை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் ஸ்பூனை ஒரு விரல் உயரத்திலிருந்து போடுகிறேன். 'தொப்' என்று ஒரு சின்னச் சத்தம். அவள் காது மட்டும் திரும்பும். முதலில் இடது காது, அரை நொடி கழித்து வலது காது. தலை தூக்க மாட்டாள். அந்த நேரத்தில் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, அவள் முன்னால் விழும். ஐந்து தடவை, பிறகு நிறுத்தம். மறுநாள் துண்டில் மூன்றே மடிப்பு. பிறகு இரண்டு.

முதல் இரண்டு நாள் ஒன்றுமே நகரவில்லை. தப்பு என்னுடையது. ஸ்பூனைப் போடுவதற்கு முன்பே கோழித் துண்டு இருந்த கவருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். கவர் சரசரக்கும், அவள் எழுந்து உட்காருவாள், அப்புறம்தான் ஸ்பூன் விழும். அவள் கற்றுக்கொண்டது கவரின் சத்தத்தை. சத்தம் முன்னால் வர வேண்டும், தின்பது பின்னால். இப்போது மூடியில்லாத கிண்ணத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிடுகிறேன்.

குரைக்கிறவளுக்குத் தின்னக் கொடுத்தால் குரைக்கப் பழகிவிடாதா என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. சோறு கேட்டோ பந்து கேட்டோ குரைத்தால் கொடுக்கக் கூடாது, உண்மை. அது கேட்டு வாங்குவது. இவள் திடுக்கிட்டுக் குரைக்கிறாள். திடுக்கிட்ட குழந்தையைத் தூக்கினால் அது நாளைக்கு வேண்டுமென்றே திடுக்கிடப் போவதில்லை.

ஜூன் 12

58. இதுவரை இல்லாத எண்ணிக்கை. காலையில் பக்கத்து வீட்டுச் சுவரில் துளை போட்டார்கள், மதியம் வரை. அப்போது அவள் அதிகம் குரைக்கவில்லை, மூச்சிரைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். சாயந்திரம் நான் பேப்பர் புரட்டியதற்குக் குரைத்தாள். ஃபிரிட்ஜ் கதவுக்குக் குரைத்தாள். தன் வால் நாற்காலியில் பட்டதற்கே குரைத்தாள்.

காலையில் பட்டதெல்லாம் உள்ளே தேங்கி, சாயந்திரம் பேப்பர் சத்தத்தில் வழிந்துவிட்டது. தூக்கமும் இல்லை. பாதி நாளைத் தூங்கியே கழிக்கிற பிராணி அது. இன்று ஸ்பூன் பயிற்சியை விட்டுவிட்டேன். இருட்டிய பிறகு ஆள் நடமாட்டமில்லாத தெருவில் முகர்ந்து முகர்ந்து அவள் போன போக்கில் நடந்துவிட்டு வந்தோம்.

ஜூன் 13

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. "குரைக்கிற நாய் கடிக்காது" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் அவள் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பயந்து குரைக்கிற நாய்க்குப் பின்னால் போக இடமில்லை என்றால் அது கடிக்கும். நான் நடுவில் புகுந்துகொண்டேன்.

ஜூன் 15, காலை 5 மணி, தூக்கம் வரவில்லை

நேற்று இரவு தம்பியோடு போனில் பேசினேன். "அக்கா, இவ முன்னாடி இப்படி இல்லையே. எப்பலேருந்து?" என்றான்.

நாலு மாதமாக.

"நாலு மாசத்துக்கு முன்னாடி வீட்ல என்ன மாறுச்சு?"

ஒன்றும் மாறவில்லை என்றேன். போனை வைத்த பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அவள் படுக்கையை வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாற்றினேன். அது ஒன்று. இன்னொன்றுதான் தூங்கவிடவில்லை. சோபாவில் தாவி ஏறுவதை நிறுத்திவிட்டாள். வயசாகிறது, அடக்கம் வந்துவிட்டது என்று நானே பெருமைப்பட்டேன். மூன்றரை வயதில் என்ன அடக்கம்?

2018-ல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய ஒன்றைத் தேடி எடுத்துப் படித்தேன். சத்தத்துக்கு அரளும் இருபது நாய்கள். பத்துக்கு எலும்பு, தசை, மூட்டு இவற்றில் எங்காவது வலி, பத்துக்கு இல்லை. வலி இருந்த நாய்களுக்குச் சத்தப் பயம் தொடங்கிய வயது சராசரியாக ஏறக்குறைய நான்கு வருஷம் பிந்தியிருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணம் எனக்கு நெஞ்சில் தைத்தது. சத்தம் கேட்டுத் திடுக்கிடும்போது உடம்பு சட்டென்று விறைக்கும். நோவு இருக்கும் இடத்தில் அந்த விறைப்பே வலிக்கும். பிறகு சத்தமும் வலியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

இத்தனை நாள் அவள் காதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு டாக்டரிடம் போகிறோம்.

ஜூன் 17

இடது பின்னங்கால், முட்டி. காதில் ஒன்றுமில்லை. டாக்டர் பேசிக்கொண்டே காலை மெதுவாக நீட்டி மடக்கினார். ஓர் இடத்தில் பொட்டு திரும்பி அவர் கையை மூக்கால் தள்ளினாள். கடிக்கவில்லை, உறுமவில்லை, தள்ளினாள். "இங்கதான் வலிக்குது" என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள். மாத்திரை, தாவல் கூடாது, வழுக்கும் தரையில் விரிப்பு, எடை ஒன்றரைக் கிலோ குறைய வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு வேறு ஒருவரிடம் இதே குரைப்புக்காகத்தான் காட்டினேன். மேசைமேல் ஏற்றாமலேயே "அதன் குணம் அப்படி" என்று அனுப்பிவிட்டார். அந்த இரண்டு மாதமும் வலியோடு இருந்தவளை நான் அதட்டியிருக்கிறேன், தண்ணீர் அடித்திருக்கிறேன். உங்கள் நாய் திடீரென்று சத்தத்துக்கு அரள ஆரம்பித்தால், பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் உடம்பைக் காட்டுங்கள். காலையும் முதுகையும் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாம் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

ஜூன் 2-ல் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நிற்காது.

ஜூன் 20

வீட்டில் செய்த மாற்றங்கள், சுருக்கமாக. படுக்கை வாசலிலிருந்து உள் அறைக்குப் போய்விட்டது. இரவில் ஃபேன் ஓடுகிறது, அந்த ஒரே சீரான இரைச்சலில் சின்னச் சத்தங்கள் மூழ்கிவிடுகின்றன. போன் மடித்த துணிமேல். அலமாரிக் கதவுகளில் ரப்பர் வில்லை. குழாய்க்குப் புது வாஷர், முதல் நாளே மாற்றியிருக்க வேண்டியது. வாசல் கதவின் அடி இடுக்கில் துணிச் சுருள்.

சத்தத்தை மறைத்தால் எப்படிப் பழகும் என்று நானே முதலில் நினைத்தேன். பழக்குவது துண்டு மடிப்புக் கணக்கில், ஐந்து நிமிஷம், அவள் தாங்குகிற அளவில். மீதி நேரமெல்லாம் அவளைத் திடுக்கிட விட்டால் அந்த ஐந்து நிமிஷமும் கரைந்துவிடும்.

இடிக்குத் தூங்குகிறவள் ஸ்பூனுக்கு ஏன் அலறுகிறாள் என்பதற்கு ஒரு ஊகம். இடிக்கு முன்னால் காற்று வருகிறது, இருட்டுகிறது, மழை வாசனை வருகிறது. ஸ்பூன் சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

ஜூன் 24

17.

கோழித் துண்டு விஷயத்தில் தம்பி கேட்டதை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று நடந்திருக்கிறது. சத்தம் கேட்டால் இப்போது ஒரே ஒரு குரைப்பு, உடனே என்னிடம் ஓடி வந்து முகத்தைப் பார்க்கிறாள். தின்பதற்காகத்தான் குரைக்கிறாளோ? இரண்டு நாள் உற்றுப் பார்த்தேன். சத்தமில்லாத நேரத்தில் அப்படி வந்து குரைக்கவே இல்லை. எனவே அவள் ஏமாற்றவில்லை. ஆனாலும் நேரத்தை மாற்றிவிட்டேன். காது திரும்பியதும், வாய் திறப்பதற்கு முன், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். வந்தால் கொடுக்கிறேன். குரைத்துவிட்டு வந்தால் தடவல் மட்டும்.

வாசல் சத்தத்துக்கு வேறு முறை. நானே எழுந்து போய் ஜன்னலில் பார்க்கிறேன். நிஜமாகவே பார்க்கிறேன், நடிப்பதில்லை. "பார்த்துட்டேன், பொட்டு" என்று அடங்கிய குரலில் சொல்லிவிட்டு வந்து உட்காருகிறேன். அவளும் கூடவே வந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். சேதி சொன்னாள், சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

வளர்ந்த ஓநாய்கள் அபூர்வமாகத்தான் குரைக்கும். நாய் நம்மோடு வாழ்ந்துதான் இவ்வளவு குரைக்கக் கற்றது என்கிறார்கள். 2005-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் பதிவுசெய்த குரைப்புகளை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, தனியாகக் கட்டிப்போட்டபோது குரைத்ததா, அந்நியரைப் பார்த்துக் குரைத்ததா, விளையாட்டா என்று, நாய் வளர்க்காதவர்கள்கூடக் குருட்டடியாகச் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார்களாம். நான் மூன்றரை வருஷம் கூட இருந்தும் இப்போதுதான் பொட்டுவின் குரலைப் பிரித்துக் கேட்கிறேன். காலடிக்குக் கட்டையான குரலில் மூன்று மூன்றாக. ஸ்பூனுக்குக் கீச்சென்று ஒன்று, முடிவில் உடைந்த மாதிரி. அந்த உடைந்த குரலை நான் திமிர் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 1

என் நோட்டில் ஒரு தப்பு இருக்கிறது.

நேற்றைய எண்ணிக்கை வெறும் 4. சந்தோஷமாக எழுதி வைத்தேன். ராத்திரிதான் கவனித்தேன், அவள் குளியலறையில் வாளிக்குப் பின்னால் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறாள். புகை எச்சரிக்கைக் கருவியில் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை 'க்கீக்'. பகலெல்லாம் அடித்திருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து 2021-ல் வந்த ஆய்வு இதைத்தான் சொல்கிறது. விட்டு விட்டு வரும் உச்சஸ்தாயிச் சத்தம், தொடர்ந்து வரும் தாழ்ந்த சத்தத்தைவிட நாய்களைக் கலங்கடிக்கிறது. வீட்டுக்காரர்கள் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள், சிரிக்கக்கூடச் செய்கிறார்கள்.

அவள் குரைக்கவில்லை என்பதால் நான் 4 என்று எழுதினேன். தண்ணீர் அடித்த இரண்டு நாளும் இப்படித்தான் வீடு அமைதியாக இருந்தது. குரைப்பை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இனி எழுதப்போவது, சத்தம் கேட்ட பிறகு அவள் தலை மறுபடி தரையில் சாய எத்தனை நொடி ஆகிறது என்பதை. இன்று காலை சாவிச் சத்தத்துக்கு 140 நொடி. ஸ்பூனுக்கு 35.

ஜூலை 9

மாடிப் பாட்டியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கால் வலி, மாத்திரை, ஸ்பூன், எல்லாம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கும் முட்டிதான். உட்கார்ந்து எந்திரிக்கதான் நாற்காலிய இழுக்கறேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "நான் வேணும்னா மெதுவா இழுத்துக் காட்டட்டுமா கண்ணு? நீ கீழே இருந்து சொல்லு" என்றார்.

நாலு நாளாக நடக்கிறது. நான் போன் செய்வேன். பாட்டி நாற்காலியை ஒரு சாண் இழுப்பார். பொட்டு கூரையைப் பார்ப்பாள், அடுத்த நொடி என்னைப் பார்ப்பாள், கோழித் துண்டு விழும். "தின்னுட்டாளா?" என்று போனில் கேட்பார். ஆமாம் பாட்டி. "சரி, அடுத்து ரெண்டு சாண்." நேற்று நான் போன் செய்ய மறந்துவிட்டேன், அவரே கூப்பிட்டார்.

ஜூலை 11

ஒரு திருத்தம். நாற்காலிக் காலில் ரப்பர் மாட்டித் தருகிறேன் என்று பாட்டியிடம் சொல்லியிருந்தேன். பாட்டி இப்போது வேண்டாம் என்கிறார். முழு அறையும் இழுத்துப் பொட்டு தூங்குவதைக் கேட்ட பிறகு மாட்டினால் போதுமாம்.

ஜூலை 20

முழுசாக நின்றுவிட்டதா என்றால் இல்லை. சாவிச் சத்தத்துக்கு இன்னும் குரைக்கிறாள், 50 நொடியில் படுத்துவிடுகிறாள். ராத்திரியில் எழுப்பிப் பதினோரு நாளாகிறது. எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது. காலையில் முன்னங்கால்களைச் சோபாமேல் வைத்து ஏறலாமா என்று என்னைப் பார்த்தாள். டாக்டர் இன்னும் சரி சொல்லவில்லை, நான் கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சற்று முன் பாத்திரம் துலக்கும்போது ஸ்பூன் கை நழுவிவிட்டது. துண்டு எதுவும் இல்லை, வெறும் தரை, நல்ல உயரம். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கூடத்தை எட்டிப் பார்த்தேன். இடது காது திரும்பியது. வலது காது திரும்பியது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "ஸ்பூன்தான் பொட்டு" என்றேன். ஒரு பெருமூச்சு விட்டுத் தாடையை முன்னங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது நொடி.